கோப்பிக்கடைப் பேச்சை எழுதினேன்

பிள்ளைகளே, 1976இல் நான் செய்த தவறு இது.

சிராங்கூன் சாலைக் கோப்பிக்கடையில் தினமும் பேப்பர் படித்து வாதாடுவோம். ஒருநாள் அரசாங்க குமாஸ்தாவான நண்பர் காதர், "யாரு என்ன பேசறாங்கன்னு மேலிடத்துல எழுதி வைக்கிறாங்க லா, பார்த்துப் பேசுங்க" என்றார்.

"உங்க கோப்பிக்குச் சீனி எத்தனைன்னும் எழுதுவாங்களா பாய்?" என்று சிரித்தேன்.

அவர் பயம் வீண் என்று காட்ட, அவர் சொன்னதை அவர் பெயரோடு பத்திரிகைக்கு எழுதினேன். கடிதம் அச்சில் வந்தது.

மறுவாரம் அதிகாரிகள் இருவர் வந்து காதரை விசாரணைக்கு அழைத்துப்போனார்கள். மூன்றாம் நாள் திரும்பினார். வேலை போய்விட்டது.

"கடைசியில எழுதி வச்சது நீங்கதானே?" என்றார். அதன்பின் எங்கள் மேசைக்கு அவர் வரவேயில்லை.

இன்றும் பத்திரிகைக்கு எழுதுகிறேன். என் பெயரை மட்டுமே போடுகிறேன். காதர் என்பதுகூட அவருடைய பெயர் அல்ல.