ஸ்பீக்கர் மாற்றிய அன்று கேட்டது

என் மனைவி இறந்த மூன்றாவது மாதம், காரின் ஸ்பீக்கர்களை மாற்ற சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். "கரகரன்னு கேக்குது, மாத்துங்களேன்" என்று அவள் பல வருடம் சொல்லியிருக்கிறாள். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இது காரோட வந்த ரேடியோண்ணே. இதையும் மாத்திடலாம் லா," என்றார் கடைக்காரர்.

"அதுல கை வைக்காதீங்க!" என்று எரிந்து விழுந்தேன். அதன் வால்யூம் குமிழருகே அவள் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். அதைத் தாண்டி நான் திருப்பக் கூடாது என்பது அவள் சட்டம்.

அவர் ஸ்பீக்கர்களை மட்டும் மாற்றி, கதவு அதிராமலிருக்க உள்ளே கம்பளித் துணி ஒட்டி, ரேடியோவிலேயே இருந்த கேசட் பிளேயரின் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்துக் கொடுத்தார்.

பிடோக் வீட்டுக்குத் திரும்பும்போது அவளுடைய கேசட்டைப் போட்டேன். வீட்டு ரேடியோவுக்கு முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்து அவள் பதிந்த பாட்டுகள். பாட்டு ஓடி முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எத்தனையோ முறை கேட்ட கேசட்தான். அன்றுதான், இரண்டாவது பாட்டு முடிந்து அவள் டேப்பை நிறுத்துவதற்குள், அவள் குரல் கேட்டது.

"டீ போடட்டா?"

காரை ஓரமாக நிறுத்தினேன். டேப்பில் அவள் குரலுக்குப் பக்கத்தில் பேப்பர் புரளும் சத்தம். அது நான். என்ன பதில் சொன்னேன் என்று கேட்க டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். குமிழைச் சிவப்புப் புள்ளியைத் தாண்டித் திருப்பினேன்.

"ஏங்க, உங்களத்தான்."

அதற்கும் பேப்பர்தான் புரண்டது.