லினக்ஸில் ஓடிய கார்

காலாப்பட்டில் படித்தபோது வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தேன். கார் பந்தய விளையாட்டைத் திறந்தால் கார் விக்கி விக்கி நகர்ந்தது. கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் இல்லாததுதான் காரணம். பிரவுசிங் சென்டரில் அதை இறக்கி, சிடியில் கொண்டுவந்து போட்டேன். திரையே கருத்துவிட்டது.

"பேசாம விண்டோஸே போட்டுடுக்கா," என்றாள் தங்கை.

"மாட்டேன். இதுலயே ஓட்டிக் காட்டுறேன்."

கறுப்புத் திரையில் வந்த பிழைச் செய்தியை நோட்டில் எழுதிக்கொண்டு மறுபடி சென்டருக்குச் சைக்கிளை மிதித்தேன். இணையத்தில் தேடியதும் புரிந்தது: என் லினக்ஸ் பதிப்புக்குப் பொருந்தாத டிரைவர் அது. சரியானது கிடைக்க இன்னும் இரண்டு நாள் அலைந்தேன்; இரண்டாவது சிடியும் ஒத்துவரவில்லை.

மூன்றாவது சிடியில் கார் சீறிப் பாய்ந்தது. தங்கை என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அன்று மாலை எனக்கு ஆட்டமே கிடைக்கவில்லை. அது ஓடுவதைப் பார்த்ததே போதுமாயிருந்தது.