மூன்றாம் விளக்கு காளீஸ்வரன்

காளீஸ்வரன் என்ன வேலை பார்க்கிறான் என்று பரளச்சியில் யாருக்கும் சரியாகப் பிடிபட்டதில்லை. விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் டீக்கடையில் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்.

"துபாயில என்னப்பா வேல பாக்குற?"

"லைட்டு அடிக்கிறேன் மாமா."

"கரண்டு ஆபீஸுலயா?"

"இல்ல மாமா. கச்சேரியில பாடுறவுக மேல லைட்டு அடிக்கணும்."

"ஏன், அது தன்னால எரியாதாக்கும்?"

அதற்கு மேல் அவன் விளக்க மாட்டான். சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவான். அவன் மனைவி ரேணுகாதேவி மட்டும் கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதிலை வைத்திருந்தாள். "அவுக ஒசரத்துல உக்காந்து பாக்குற வேல" என்பாள். கேட்டவர்கள் பெரிய அதிகாரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அவளும் அதைத் திருத்தியதில்லை.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மேடைக்கு எதிரே, கூட்டத்தின் தலைக்கு மேலே, அறுபது அடி உயரத்தில் இரும்புச் சட்டம் ஒன்று தொங்கும். அதில் சிறிய நாற்காலி. நாற்காலிக்கு முன்னால் ஆள் நீளத்துக்கு ஒரு விளக்கு. இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கம்பி ஏணியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் கச்சேரி முடிகிற வரை இறங்க முடியாது. அதனால் மத்தியானத்துக்கு மேல் அவன் தண்ணீர் குடிக்க மாட்டான். பாடுகிறவர் எங்கே நடந்தாலும் வெளிச்ச வட்டம் அவர்மேல் இருக்க வேண்டும். ஓர் அடி முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது.

உயரம் அவனுக்குப் பழகியதுதான். அப்பா ரத்தினமும் அம்மா முத்துலட்சுமியும் பிறர் புஞ்சைகளில் பருத்தி எடுத்தும் மிளகாய்ப் பழம் பறித்தும் அவனைப் பத்தாவது வரை படிக்க வைத்தார்கள். பிறகு அவன் அருப்புக்கோட்டையில் கட்டட வேலைக்குப் போனான். சாரம் கட்டுவதற்கு ஆள் கூப்பிட்டால் முதலில் ஏறுவது அவன்தான். இருபத்தெட்டு வயதில் துபாய்க்குப் போய் அங்கேயும் எட்டு வருஷம் சாரம் கட்டினான். அப்போதுதான் காரியாபட்டிக்காரரான சௌந்தரபாண்டியனைச் சந்தித்தான். அவர் கச்சேரிகளுக்கு மேடை அமைக்கிற கம்பெனியில் மேஸ்திரி. "உசரத்துக்குப் பயப்படாத ஆளு எனக்கு வேணும், வாரியா?" என்று கேட்டார். இவனும் போனான். முதலில் போல்ட் முடுக்கினான். ஒருநாள் விளக்குக்காரர் ஒருவர் வராமல் போகவே, அந்த நாற்காலியில் இவனை உட்கார வைத்தார்கள். அதிலிருந்து அவன் இறங்கவே இல்லை.

அவனுக்கு நாற்பத்தாறு வயதானபோது வாரன் கெல்சோ துபாய்க்கு வந்தார். ஐம்பது வருஷமாக ராக் பாட்டுப் பாடி உலகமெல்லாம் பெயர் வாங்கிய இங்கிலாந்துக்காரர். வயது எழுபத்தாறு. இதுதான் என் கடைசிச் சுற்று என்று அறிவித்துவிட்டுப் எட்டு நாடுகளுக்குக் கிளம்பியிருந்தார். துபாய் அதில் மூன்றாவது இடம்.

கெல்சோவின் விளக்குகள் முழுவதும் ஃபியோனா என்ற பெண்மணியின் பொறுப்பு. அவர் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து ஹெட்போனில் கட்டளை கொடுப்பார். விளக்குக்காரர்கள் நான்கு பேர். யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். காளீஸ்வரன் மூன்று. எண்களும் இடது, வலது, மெதுவாக, அணை என்பவையும் இங்கிலீஷில் தெரிந்தால் போதும். மூன்றாம் விளக்குக்கு வேலை சுலபமானது. முதலிலிருந்து கடைசி வரை அது கெல்சோவை விட்டு விலகவே கூடாது.

சாயங்கால ஒத்திகையிலேயே காளீஸ்வரன் அவரைக் கவனித்து வைத்துக்கொண்டான். பாட்டு ஒரு வரியும் புரியவில்லை. ஆனால் நடை புரிந்தது. இடது பக்கம் திரும்புவதற்கு முன் அந்த மனிதரின் கை வலது தொடைக்குப் போய் ஒரு கணம் அழுத்திவிட்டு வந்தது. முழங்கால் வலி.

கச்சேரி தொடங்கி ஒன்றரை மணி நேரம் இருக்கும். கெல்சோ மேடையின் முனைக்கு நடந்து வந்தார். கை தொடைக்குப் போனது. போன கை திரும்பவில்லை. மைக் கம்பியை இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். பாட வேண்டிய வரி வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கீழே இருபதாயிரம் பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காளீஸ்வரன் யாரையும் கேட்கவில்லை. விளக்கை அப்படியே நகர்த்தி, பக்கத்தில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த பெண்மேல் வைத்தான். மற்ற மூவரும் கட்டளை வந்திருக்கிறது என்று நினைத்து அவளிடமே திரும்பினார்கள். அந்தப் பெண் கெட்டிக்காரி. ஒரு கணம் திகைத்தாலும், முன்னால் வந்து வாசித்துத் தள்ளிவிட்டாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. இருட்டில் கெல்சோ குனிந்து மூச்சு வாங்கினார், தண்ணீர் குடித்தார், நிமிர்ந்தார். அவர் நிமிர்ந்ததைப் பார்த்தபிறகுதான் காளீஸ்வரன் வெளிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்தான். விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது.

அவன் காதில் மட்டும் ஃபியோனாவின் குரல் வெடித்துக்கொண்டிருந்தது. அதில் அவனுக்குப் புரிந்த ஒரே சொல் "த்ரீ".

ஏணியில் இறங்கி வந்தபோது கீழே சௌந்தரபாண்டியன் நின்றார்.

"ஏலே, என்ன காரியம் பண்ணித் தொலச்ச? அந்தம்மா ஹெட்போனக் கழட்டி வீசிட்டாக. உன்னையக் கூட்டிட்டு வரச் சொல்லிப் பாட்டுக்காரரு வேற ஆள் விட்டிருக்காரு."

"போச்சாண்ணே வேல?"

"வா, பாப்போம்."

உள்ளே கெல்சோ ஒரு சோபாவில் முழங்கால்மேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடையில் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தவர், பக்கத்தில் பார்த்தால் ஒடிசலான சின்ன மனிதர். அவர் ஏதோ கேட்டார்.

"யாரு சொல்லி லைட்டத் திருப்புனன்னு கேக்குறாரு" என்றார் சௌந்தரபாண்டியன்.

"யாரும் சொல்லலண்ணே. அவுக கை தொடைக்குப் போச்சு, பாட்டும் நின்னு போச்சு. மனுசன் வலியில நிக்கிறப்ப அம்புட்டுப் பேரும் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தா அவுகளுக்கு எப்படி இருக்கும்? அதான்."

சௌந்தரபாண்டியன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கைகளையும் சேர்த்துக்கொண்டு, வெகுநேரம் சொன்னார். கெல்சோ கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். "கை தொடைக்குப் போறத அவரு சம்சாரமே இன்னும் கண்டுபிடிக்கலயாம்" என்று மொழிபெயர்ப்பு வந்தது. அடுத்து அவர் ஃபியோனாவிடம் ஏதோ சொன்னார். ஃபியோனா மறுத்தார். இருவரும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். சௌந்தரபாண்டியன் காளீஸ்வரனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, உன்னைய மிச்ச ஊருக்கெல்லாம் கூட்டிட்டுப் போகணுங்கிறாருடா."

ஃபியோனா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இனிமேல் அவனாகத் திருப்பக் கூடாது. ஹெட்போனில் ஒரு சொல் சொல்ல வேண்டும், அவர் நான்கு விளக்கையும் சேர்த்துத் திருப்புவார். அந்தச் சொல், முழங்காலுக்கு இங்கிலீஷில் என்னவோ அது. 'நீ.'

காளீஸ்வரன் இதை ரேணுகாவிடம் போனில் சொன்னபோது அவள் நம்பவில்லை.

"அம்புட்டுப் பெரிய அம்மாவப் பாத்து நீங்க 'நீ'ன்னு சொல்லுவீகளா?"

"அவுகளுக்கு அது முழங்காலு."

"யாராச்சும் தமிழ் தெரிஞ்சவுக பக்கத்துல இருந்துறப் போறாக. பாத்து."

இப்படித்தான் அவன் சிங்கப்பூர், பெர்த், மெல்போர்ன், ஆக்லாந்து, ஒசாகா என்று போனான். மற்ற மூன்று விளக்குக்காரர்கள் ஊருக்கு ஊர் மாறுவார்கள். அவர்களுக்குக் கெல்சோவின் நடையைக் கையைக் காலை ஆட்டிச் சொல்லிக் கொடுப்பது இவன் பொறுப்பாகிவிட்டது. ரேணுகா அருப்புக்கோட்டையில் நூல் மில்லில் வேலை பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவாள். கூட வேலை செய்கிற பெண்களும் எட்டிப் பார்ப்பார்கள்.

"அந்த ஊரு எப்படிண்ணே இருக்கு?"

"என்னத்தச் சொல்ல? மேல இருந்து பாத்தா எல்லா ஊரும் தலையாத்தான் தெரியுது. களத்துல மிளகா வத்தலக் காயப்போட்ட மாதிரி."

கெல்சோவும் அவனும் பேசிக்கொள்ள ஒரு பொதுமொழி கிடையாது. அவருக்குக் காளி என்று சொல்ல வரவில்லை, "காலி" என்றுதான் வந்தது. மத்தியானம், கூட்டம் வருவதற்கு முன்னால், அவர் தனியாக மேடைக்கு வந்து அண்ணாந்து "காலி!" என்று கத்துவார். மொத்த மைதானமும் காலியாகத்தான் கிடக்கும். காளீஸ்வரன் மேலிருந்து அவர் காலடியில் சின்னதாக ஒரு வட்டம் போடுவான். அவர் அதிலிருந்து வெளியே ஓர் அடி வைப்பார், வட்டம் கூடவே போகும். போவதுபோலப் பாவனை காட்டிவிட்டு மறுபக்கம் திரும்புவார், வட்டம் அங்கே முன்னமே காத்திருக்கும். இவனை ஒரு தடவையாவது ஏமாற்றிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. வயர் சுருட்டுகிறவர்கள், பெட்டி தூக்குகிறவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு இதை வேடிக்கை பார்ப்பார்கள்.

ஒசாகாவில் வலி கூடிவிட்டது. ஒரே கச்சேரியில் நான்கு முறை 'நீ' சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் இத்தோடு போதும் என்றார். கெல்சோ கேட்கவில்லை. மிச்சம் இருந்தது பெங்களூர் ஒன்றுதான்.

பெங்களூர் என்றதும் காளீஸ்வரன் ரேணுகாவை வரச் சொன்னான். லீவு வாங்குவதற்காக அவள் முந்தின இரண்டு நாளும் இரட்டை ஷிப்ட் பார்த்தாள். மூன்றாம் நாள் பஸ்ஸில் மதுரைக்கும், அங்கிருந்து ரயிலில் பெங்களூருக்கும் உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தாள். கையில் ஒரு டப்பா காராச்சேவு.

"நீங்க எங்க இருப்பீக?"

"அந்தா, மேல."

அவள் அண்ணாந்து பார்த்தாள். ஏணியைப் பார்த்தாள். "இம்புட்டு ஒசரம்னு ஒரு நாளும் சொல்லலயே" என்றாள். அவன் அவளிடம் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்துவிட்டு ஏறினான்.

பச்சைச் சேலை என்பதால் கூட்டத்தில் அவளைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. முப்பதாயிரம் முகமும் மேடையைப் பார்த்திருக்க, ஒரே ஒரு முகம் மட்டும் திரும்பி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. முதல் நாலைந்து பாட்டு அப்படியே போனது. அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த முறை பார்த்தபோது அந்தத் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. டிரம் அடி நெஞ்சுக்குள் இடிக்கிற சத்தத்தில், சுற்றிலும் ஆட்கள் குதித்துக்கொண்டிருக்க, ரேணுகா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "த்ரீ, ஓகேயா?" என்று ஃபியோனா கேட்டார். "ஓகே, ஓகே" என்றான்.

கடைசிப் பாட்டு. கெல்சோவின் கை தொடைக்குப் போனது. காளீஸ்வரன் 'நீ' என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவர் தலையைத் தூக்கி, அந்த வெளிச்சத்துக்குள்ளாக நேரே இவனைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். கண் கூசும் வெளிச்சத்தில் அவருக்கு இவன் தெரிந்திருக்க முடியாது. இருக்கிற இடம் தெரியும், அவ்வளவுதான். காளீஸ்வரன் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டான். விளக்கு நகரவில்லை. கெல்சோ நொண்டிக்கொண்டே போய் டிரம் மேடையின் படியில் உட்கார்ந்தார். குரல் உடைந்தது. மறந்த வரிகளைக் கூட்டம் பாடியது. அவர் சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் கேட்டார். வட்டத்தைச் சின்னதாக்கி, அவர் முகத்தளவுக்கு வைத்துக்கொண்டு காளீஸ்வரன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

முடிந்ததும் கெல்சோ ரேணுகாவைப் பார்க்க வேண்டும் என்றார். இந்த முறை மொழிபெயர்க்க யாரும் இல்லை. கச்சேரி பிடித்திருந்ததா என்று அவர் கேட்பது காளீஸ்வரனுக்குப் புரிந்தது.

"நல்லாருந்துச்சான்னு கேக்குறாரு."

"தூங்கிட்டேன்னு சொல்லுங்க."

"அப்படியெல்லாம் சொல்ல முடியுமாட்டி?"

"எம்புட்டு வயசானவரு, அவருகிட்டப் போய்ப் பொய் சொல்லுவாகளா? சொல்லுங்க. முழிச்சிருந்த மட்டும் உங்க லைட்டு ஆடவே இல்ல, அதையும் சொல்லுங்க."

அவன் தயங்கித் தயங்கி, "வைஃப்... ஸ்லீப்" என்று சொல்லிக் கன்னத்தில் கைவைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினான். கெல்சோ சிரித்த சிரிப்பில் ஐஸ் பை கீழே விழுந்தது. ரேணுகா அதை எடுத்துத் துடைத்து அவர் முழங்காலில் சரியாக வைத்துவிட்டு, காராச்சேவு டப்பாவைத் திறந்து நீட்டினாள். ஒன்றைக் கடித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

அத்தோடு கெல்சோ பாடுவதை நிறுத்திவிட்டார். காளீஸ்வரன் மூன்று மாதம் பரளச்சியில் இருந்தான். வீட்டுக்கு ஓடு மாற்றினான், அம்மாவைக் கண் ஆபரேஷனுக்கு மதுரைக்குக் கூட்டிப்போய் வந்தான். நான்காம் மாதம் ஃபியோனா கூப்பிட்டார். வேறொரு குழு, ஜெர்மனியில் தொடங்கி ஒன்பது நாடு. ரேணுகாதான் பெட்டியை அடுக்கினாள்.

இப்போது அவன் பின்தொடர்கிற பாட்டுக்காரனுக்கு இருபத்து மூன்று வயது. முதல் நாள் கச்சேரியில் அந்தப் பையன் இரண்டு தடவை வெளிச்சத்தை விட்டு ஓடியே போய்விட்டான். மறுநாள் காளீஸ்வரன் போனில் புலம்பினான்.

"ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கிறான் ரேணுகா. குதிக்கிறான், உருளுறான், ஸ்பீக்கர் மேல ஏறுறான். எப்ப எங்க போவான்னு ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது."

"சின்ன வயசு, ஓடத்தான செய்வான்" என்றாள் அவள். "நாலு நாளு பாருங்க, பிடிபட்டுரும்."