குத்தூசியில் வராத சொத்தை

தண்ணீர் தெளிவாக இருந்தால் நோய் இல்லை என்று நம்பினேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மற்ற முட்டாள்தனமெல்லாம் இதிலிருந்து கிளைத்ததுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. ஆலங்குடியில் கடலை மண்டி வைத்திருந்தேன். ஆறு வயது மகளுக்கு இரண்டு வாரமாகக் காய்ச்சல், தலைவலி, எதைக் கொடுத்தாலும் வாந்தி. கழுத்தை வளைக்க முடியவில்லை என்றதும் பஸ் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வில் காசநோய் பிடித்திருக்கலாம் என்றார் டாக்டர். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். குழந்தையைப் பிடித்துக்கொள்ள என்னை நிறுத்தினார்கள். ஊசி மகளுக்கு; மயங்கி விழுந்தது நான். நர்சம்மா பிள்ளையை விட்டுவிட்டு என் முகத்தில் தண்ணீர் தெளித்ததாக என் மனைவி இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள்.

கண் விழித்தபோது கண்ணாடிக் குழாயில் அந்த நீர் இருந்தது. சுனைத் தண்ணீர் மாதிரி. உடனே எழுந்து உட்கார்ந்து, "பாருங்க, ஒரு தூசி தும்பு இல்லை. பிள்ளைக்கு ஒண்ணுமில்லை" என்று வார்டுக்கே அறிவித்தேன். சீழ் பிடிக்கிற காய்ச்சலில்தான் அது கலங்கி வரும், இந்த நோயில் தெளிவாகவே வரும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். நம்பவில்லை.

மறுநாள் காலை லேப்காரரிடம் போய் நின்றேன். வெற்றிலை மெல்லும் ஒல்லி மனிதர்.

"சர்க்கரை கம்மி, உப்பும் கம்மி" என்றார். "டியூப்பை அசைக்காம வெச்சிருந்தேன். விடிஞ்சு பார்த்தா நடுவுல ஒட்டடை மாதிரி கட்டியிருக்கு. டாக்டர் சந்தேகப்படுற மாதிரிதான் இருக்குங்க."

"கிருமி?"

"அந்த ஒட்டடையை எடுத்துச் சாயம் போட்டு ரெண்டு மணி நேரம் பார்த்தேன். கிடைக்கலை."

"அப்ப கிருமி இல்லேங்கிறீங்க."

"கிடைக்கலைங்கிறேன். வளர்த்துப் பார்க்க வெளியூருக்கு அனுப்பியிருக்கு. ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். அது கிருமியைக் காட்டிட்டா மறுபேச்சே இல்லை. ஆனா பிள்ளை அதுவரைக்கும் காத்திருக்குமான்னு டாக்டரைக் கேளுங்க."

நான் டாக்டரைக் கேட்கவில்லை. சர்க்கரை, உப்பு, ஒட்டடை மூன்றும் வெறும் ஊர்ப்பேச்சு, கிருமி ஒன்றுதான் சாட்சி என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இன்றைக்கே காசத்துக்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைத் தொடங்கவேண்டும், தினமும் ஊசி, முதுகிலும் சில நாள் போடவேண்டும் என்று டாக்டர் சொன்னதும் முந்தின நாள் ஊசிதான் என் கண்முன் வந்தது. காசம் என்ற பெயர் ஊரில் பரவினால் நாளைக்கு இவளை யார் கட்டுவார்கள் என்ற கவலை வேறு. ஆறு வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடியது என் பயம்.

"டாக்டரு படிச்சவரு. நீங்க கடலை பார்க்கிறவரு" என்றாள் மனைவி.

"மூட்டையில மாதிரி எடுத்துப் பார்க்கிறது என் தொழிலுடி" என்றேன்.

என் பொறுப்பில் கூட்டிப்போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஊர் திரும்பினோம். நாலைந்து நாள் காய்ச்சல் சற்றுத் தணிந்தாற்போல இருந்தது. மண்டியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியை நான் ஏமாற்றித் தப்பித்த கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். நன்றாகவே சொல்வேன்.

ஒன்பதாம் நாள் காலை மகள் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் முனகினாள். ஒரு கண் மூக்குப் பக்கமாகத் திரும்பியிருந்தது. மனைவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். பின்னால் நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மறுபடியும் நீர் எடுத்தார்கள். லேப்காரர் வாசலில் நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மண்டிக்காரரே, மூட்டையில குத்தூசி போட்டு மாதிரி எடுக்கிறீங்க. அதுல சொத்தை வரலைன்னா, மூட்டையிலேயே சொத்தை இல்லைன்னு அர்த்தமா?"

வெளியூர் வியாபாரி குத்தூசி போடுகிற இடம் பார்த்து நல்ல பருப்பை வைத்துத் தைக்கச் சொன்னவன் நான். மாதிரி பொய் சொல்லும் என்பதை வைத்தே வயிறு வளர்த்தவன், என் பிள்ளை விஷயத்தில் மட்டும் அதைச் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டேன். ஏமாற்றுவதற்கு வேறு ஆளே கிடைக்காததுபோல என்னையே ஏய்த்திருக்கிறேன்.

இரண்டாவது முறையும் கிருமி தென்படவில்லை. டாக்டர் அதற்குக் காத்திருக்கவில்லை. அன்றைக்கே ஊசி தொடங்கினார். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். இடையில் வெளியூரிலிருந்து முடிவு வந்தது: வளர்ச்சி எதுவும் இல்லை. அதற்கும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை என்றார் டாக்டர். இந்த முறை நம்பினேன்.

காய்ச்சல் விட்டது. கண் நேரானது. மகள் நடந்தாள், சாப்பிட்டாள், எங்களை அடையாளம் கண்டாள். ஒன்று மட்டும் திரும்பவில்லை; அது போனது நோயாலா, மருந்தாலா, ஊசியை முன்பே தொடங்கியிருந்தால் தப்பியிருக்குமா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அவளுக்கு இரண்டு காதும் கேட்காமல் போயிற்று.