தர்சினி விண்ணப்பிக்காத படிப்பு

சனிக்கிழமை காலை, மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தர்சினியின் தம்பி அழைத்தார். “மீனாக்கா, அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா.”

ஒடாஹுஹு புறநகரில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் நானும் தர்சினியும் நான்கு ஆண்டுகள் ஒன்றாக வேலை செய்தோம். அங்கே எங்களோடு வேலை செய்த உங்களுக்கு அவரைத் தெரியும். ஊசியைக் கண்டு நடுங்கிய ஒரு முதியவரின் பக்கத்தில் ஒருநாள் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வரிசை நீண்டது. நான் முகம் சுளித்தேன். “அவசரம் எங்களுக்குத்தான், அவருக்கில்லை” என்றார்.

இருவருக்கும் மருத்துவராகும் ஆசை. அறிவியல் பட்டம் இருந்தது, மதிப்பெண் போதவில்லை. விண்ணப்பிக்கும் முன், ஓராண்டு உயிரியலும் வேதியியலும் மறுபடி படித்து மதிப்பெண்ணை உயர்த்தலாம். இல்லையென்றால் இரண்டாண்டு முதுநிலைப் பட்டம் படிக்கலாம். எது நல்லது என்று தர்சினி என்னிடம் கேட்டார்.

“முதுநிலையே பண்ணுங்க. டாக்டர் சீட் கிடைக்கலைன்னாலும் கையில ஒரு பட்டம் இருக்கும்ல.”

தவறான யோசனை அல்ல. ஆனால் நான் அதைச் சொன்ன காரணம் வேறு. இடங்கள் குறைவு, அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். இருவரும் ஒரே ஆண்டில் விண்ணப்பிப்பதை நான் விரும்பவில்லை.

அவர் முதுநிலையில் சேர்ந்தார். நான் அவரிடம் சொல்லாமல் ஓராண்டுப் படிப்பில் சேர்ந்தேன். தெரியவந்தால் கோபிப்பார் என்று பயந்தேன். ஆனால் தெரிந்தபோது அவர், “ஓம், நல்லது. வடிவாப் படியும்” என்று தன் பழைய வேதியியல் குறிப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

எனக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்தது. அவருக்கு இரண்டாம் ஆண்டில் புற்றுநோய் வந்தது. ஆய்வேட்டை எப்படியோ முடித்தார்; மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை. நோய் சில ஆண்டுகள் அடங்கியிருந்து மறுபடி வந்தது.

போன மாதம் பிளாக்ஹவுஸ் பேயில் அவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார்: “எனக்கு எது விருப்பம் எண்டு நீர் ஏன் அண்டைக்குக் கேக்கேல்லை?”

“உங்களுக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான் சொன்னேன்” என்றேன். அப்போதும் பொய்தான். அவர் மெல்லத் தலையசைத்தார். நம்பினாரா, தெரியவில்லை.

இறுதிக் கிரியை முடிந்த மறுவாரம், எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒரு பெண் அதே இரண்டு படிப்புகளைச் சொல்லி எதில் சேரலாம் என்று என்னிடம் கேட்டாள்.

“உனக்கு எதும்மா விருப்பம்?” என்றேன். அவள் வெகுநேரம் பேசினாள். நான் குறுக்கிடவில்லை.

தர்சினியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய உண்மையான பதிலை, அவரை அறிந்த உங்களிடம் இப்போது சொல்லியிருக்கிறேன்.