தூரத்து வீட்டுச் சுவர்

எங்கள் ஊரில் கல்குவாரிக்கு மிக அருகில் இருக்கும் வீடு எங்களுடையது. அதில் இன்றுவரை ஒரு வெடிப்புக்கூட விழவில்லை. வயலுக்கு அந்தப் பக்கம், எங்களைவிடப் பல மடங்கு தூரத்தில் இருந்த வீட்டின் சுவர்தான் விழுந்தது. அதில் ஒரு பெண் இறந்துபோனார்.

நான் மாத்தளை டவுனில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வீடு இரத்தோட்டைப் பாதையில், மலைச்சரிவில் இருக்கிறது. அத்திவாரம் வெட்டியபோது ஒரு முழம் தோண்டுவதற்குள் கருங்கல் வந்துவிட்டது. அலவாங்குக் கம்பி தெறித்துத் தெறித்து மேசன்மாருக்குக் கை காய்த்துப்போனது. அன்று அதை ஒரு கஷ்டமாகத்தான் நினைத்தோம்.

வீட்டுக்குப் பின்னால் மிளகுத் தோட்டம், அதற்குப் பின்னால் மலை. பாதை அகலப்படுத்தும் வேலைக்குக் கல் வேண்டுமென்று அந்த மலையை யாரோ குத்தகைக்கு எடுத்தார்கள். பகல் சாப்பாட்டு நேரத்தில் சைரன் ஊதும். அதன் பிறகு வெடி. எங்கள் வீட்டில் அது ஒரே குத்துதான். அலுமாரியில் பீங்கான்கள் ஒருமுறை துள்ளும், காலுக்கடியில் யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி இருக்கும், முடிந்துவிடும். சோற்றில் வைத்த கையை எடுப்பதற்குள் எல்லாம் அடங்கிவிடும். கொஞ்ச நாளில் எங்களுக்கு அது பழகியும் போய்விட்டது.

வயலுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இருந்தவரை நான் அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். அண்ணன் முறையில் நான் 'நானா' என்று கூப்பிடும் அவர் கணவர் மிளகும் கராம்பும் வாங்கி டவுனுக்கு அனுப்பும் வியாபாரி. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் கிடந்தார். பேச்சும் போய்விட்டது. ஒரே மகளைக் கலேவெலையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள், அவள் அங்கேயே இருந்தாள். பின்னேரத்தில் ஊர்ச் சின்னப் பிள்ளைகளுக்கு ராத்தா குர்ஆன் ஓதிக் கொடுப்பார். அவர்கள் வீடு பழைய வயலை மண் போட்டு நிரப்பிக் கட்டியது. அந்த மண் எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. மழைக்காலத்தில் முற்றத்தில் மிதித்தால் பாதம் மெல்ல அமுங்கும்.

ராத்தா யாரிடமும் எதையும் கேட்டுப் போகிறவர் அல்ல. ஒரு சனிக்கிழமை நான் கடைக்குப் போகும் வழியில் கேட்டடியில் நின்று, "டீச்சர், கொஞ்சம் உள்ள வந்துட்டுப் போங்களே" என்றார். கணவர் படுத்திருந்த அறையில், கட்டிலின் தலைமாட்டுச் சுவரைக் காட்டினார். ஜன்னல் மூலையிலிருந்து கூரைவரை சரிவாக ஒரு வெடிப்பு. என் சுட்டுவிரல் நகம் அதற்குள் போனது.

"ஒவ்வொரு வெடிக்கும் இது பெருசாகுது. சென்னா ஒருத்தரும் நம்புறாங்க இல்ல. சீமெந்து போதாதாம், வீடு பழசாம். நீங்க படிச்ச ஆள், அதான் காட்டுறேன்."

ஊரில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். என் கணவரும் அதையேதான் சொன்னார். "நம்ம வீடு மலையோட மடியில இருக்கு, ஒண்ணும் ஆகலையே. அவ்வளவு தூரத்துல எப்படி ஆகும்?" கேட்பதற்கு நியாயமான கேள்வி.

அடுத்த பாடசாலை விடுமுறையில், வெடி நேரத்துக்கு முன்னமே ராத்தா வீட்டுக்குப் போய் அந்த அறையில் உட்கார்ந்தேன். சைரன் மெலிதாகக் கேட்டது. வெடிச் சத்தமும் பெரிதாக இல்லை. தூரத்தில் கதவைச் சாத்தியதுபோல. அந்தச் சத்தம் வருவதற்கு முன்னமே தரை அசையத் தொடங்கியிருந்தது. முதலில் கதிரை மிக மெதுவாக, பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதுபோல ஆடியது. பிறகு ஆட்டம் கொஞ்சம் வேகமானது. மேசையில் நோயாளிக்கு வைத்திருந்த கிளாஸில் தண்ணீர் வட்டம் வட்டமாகப் போனது. நின்றுவிட்டது என்று நினைத்தேன், நிற்கவில்லை. நான் மூச்சை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்தேன். அதன் பிறகுதான் கிளாஸில் தண்ணீர் அடங்கியது. வெடிப்பிலிருந்து ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு தலையணையில் உதிர்ந்தது. ராத்தா அதைக் கையால் தட்டிவிட்டார். தினமும் தட்டிவிடுகிற கை அது.

கட்டிலில் கிடந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போதே எனக்கு விளங்கிவிட்டது. வருஷா வருஷம் நான் கரும்பலகையில் வரைகிற பாடம் அது. வெள்ளை வெளிச்சத்தை முக்கோணக் கண்ணாடிக்குள் விட்டால் நிறங்களாகப் பிரிகிறது. கண்ணாடிக்குள் எல்லா நிறமும் ஒரே வேகத்தில் போவதில்லை. சிவப்பு வேகமாகவும் ஊதா மெதுவாகவும் போகின்றன. வேகம் வேறுபடுவதால் வளைகிற அளவும் வேறுபட்டு, சேர்ந்து நுழைந்தவை பிரிந்து வெளியே வருகின்றன. நிறப்பிரிகை என்று சொல்லிவிட்டு, பரீட்சைக்கு வரும் கணக்குகளைப் போட்டுவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். ஆனால் அந்தக் குணம் வெளிச்சத்துக்கு மட்டும் உரியதல்ல. தண்ணீரில் அலைக்கும், தண்டவாளத்தில் அடித்த அடிக்கும், மண்ணில் ஓடுகிற அதிர்வுக்கும் உண்டு. வெடி என்பது எல்லா அதிர்வும் ஒன்றாகக் கட்டிய ஒரு மூட்டை. பாறைமேல் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அந்த மூட்டை அவிழாமலே வந்து சேர்கிறது: ஒரு குத்து, முடிந்தது. வயல் மண்ணில் போகப்போக மூட்டை அவிழ்கிறது. நீண்ட அலைகள் ஆழத்தில் இருக்கும் கெட்டியான தரையையும் தொட்டுக்கொண்டு முந்திப் போகின்றன. குறுகிய அலைகள் மேல்மண்ணிலேயே மாட்டிப் பிந்துகின்றன. மிகக் கூர்மையானவை வழியிலேயே செத்துவிடுகின்றன. கண் இமைக்கும் நேரத்தில் முடிந்த வெடி, தூரத்து வீட்டில் நீண்ட ஆட்டமாகப் போய்ச் சேர்கிறது. வீட்டுச் சுவருக்கும் அதற்கே உரிய மெதுவான ஆட்டம் ஒன்று உண்டு. இரண்டும் ஒத்துப்போனால் தினமும் ஒருவர் சுவரைப் பிடித்து உலுக்குகிற மாதிரிதான்.

நானே எழுதி, ராத்தாவும் இன்னும் சில வீட்டுக்காரர்களும் கையெழுத்து வைத்து, குவாரிகளைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கு முறைப்பாடு கொடுத்தோம். நீண்ட நாளைக்குப் பிறகு ஒரு அதிகாரி அதிர்வை அளக்கும் கருவியோடு வந்தார். சிங்களவர், மரியாதையானவர். கருவியை எங்கள் வீட்டு வாசலில்தான் வைத்தார். குவாரிக்கு மிக அருகில் உள்ள வீட்டில் அளக்க வேண்டும் என்பது அவருக்கு இருந்த விதி. அங்கே அளவு எல்லைக்குள் இருந்தால் தூரத்தில் கட்டாயம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பது அந்த விதியின் நினைப்பு. வெடி வெடித்தது. அளவு எல்லைக்குள்தான் இருந்தது.

நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். வாசல் மண்ணில் குச்சியால் கீறியும் காட்டினேன். அவர் அவசரப்படுத்தாமல் கேட்டார். அவருக்கு அது புதிதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நீங்கள் சொல்வது சரி, ஆனால் விதியில் அதற்கு இடமில்லை, அடுத்த தடவை வயலுக்கு அந்தப் பக்கமும் வைத்துப் பார்க்கிறேன் என்றார். தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த தடவை வருவதற்குள் மழைக்காலம் தொடங்கிவிட்டது.

அந்த நாட்களில் ஒருமுறை ராத்தாவைப் பார்க்கப் போனபோது அறையில் இடம் மாறியிருந்தது. பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுக் கட்டிலை எதிர்ச் சுவர்ப் பக்கம் நகர்த்தியிருந்தார். வெடிப்பு விழுந்த சுவரோரம் அவருடைய பாயும் தொழுகை விரிப்பும் கிடந்தன. வேறு இடமில்லையா என்று கேட்டேன். மற்ற அறை ஒழுகுவதாகவும், ராவில் கணவர் முனகினால் கேட்காதென்றும் சொன்னார்.

"மக வீட்டுக்குப் போங்க ராத்தா. கொஞ்ச நாளைக்காவது."

"இவர இந்தக் கோலத்துல மருமகன்ட வீட்டுல கொண்டு போய்ப் போடச் செல்றீங்களா, டீச்சர்?"

உடனே பேச்சை மாற்றி, மழையில் மிளகு காயப்போட முடியாமல் பூஞ்சணம் பிடிப்பதைப் பற்றிச் சொன்னார்.

சுவர் விழுந்தது ஒரு வேலை நாளில். நான் பாடசாலையில் தவணைப் பரீட்சை மேற்பார்வையில் இருந்தேன். கணவர் போனில் விஷயத்தைச் சொன்னபோது முதலில் நோயாளியைத்தான் நினைத்தேன். "அவர் இல்ல. அந்தக்கா," என்றார்.

பகல் வெடி வழக்கம்போல வெடித்திருக்கிறது. அதற்குப் பிறகு நல்ல மழை பெய்து விட்டிருக்கிறது. ராத்தா கணவருக்குச் சாப்பாடு ஊட்டி, வாய் துடைத்து, பாயில் கொஞ்சம் சரிந்திருக்கிறார். சுவர் மேலிருந்து கீழாக, ஒரு துண்டாகச் சாய்ந்திருக்கிறது. கட்டில்மேல் ஒரு கல்கூட வந்து விழவில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஓத வந்த பிள்ளைகள்தான் முதலில் கேட்டார்கள்: பேச்சில்லாதவரின் சத்தத்தை. அதுவரை அவர் அந்தப் பக்கமே பார்த்தபடி கிடந்திருக்கிறார். எவ்வளவு நேரம் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை.

ஜனாஸாவை மறுநாள் காலையில் எடுத்தார்கள். நான் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். ஓதுகிற பிள்ளைகளில் ஒருத்தி என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மரண விசாரணையில் நான் எழுந்து பேசினேன். விசாரித்தவர் கேட்டது இவ்வளவுதான்: வெடிக்கும்போதா சுவர் விழுந்தது? இல்லை, பிறகு. எவ்வளவு பிறகு? தெரியாது. மழை பெய்ததா? பெய்தது. மழையில் பலமிழந்த பழைய சுவர் என்று முடிந்தது. அவர்மேலும் எனக்குக் கோபமில்லை. மாதக்கணக்காக உலுக்கப்பட்ட சுவர், உலுக்காத ஒரு நேரத்தில் விழலாம் என்பதை ஒரு கேள்விக்குள் பதிலாக அடக்க எனக்குத் தெரியவில்லை.

அந்த அதிகாரி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். திரும்பி வந்து, இடிந்த வீட்டின் தரையிலேயே கருவியை வைத்தார். வெடித்த பிறகு மடிக்கணினியைத் திருப்பி எனக்குக் காட்டினார். எங்கள் வாசலில் எடுத்தது ஓர் ஊசி மாதிரி இருந்தது. இங்கே எடுத்தது நீண்டு கிடந்தது: முதலில் அகன்ற மெதுவான அலைகள், வர வர நெருங்கி நெருங்கிக் குறுகிய அலைகள். என் புத்தகத்தில் இருக்கிற படத்தைவிடச் சுத்தமாக இருந்தது. பார்த்தவுடன், ஒரு கணம், சந்தோஷப்பட்டேன். அந்த ஒரு கணத்துக்குப் பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. காலடியில் ராத்தாவின் பாய் கிடந்த இடம்.

நான் நினைத்த மாதிரியேதான் இருந்தது. ஆனால் எல்லை என்பது அலையின் உயரத்துக்குத்தான், ஆட்டம் நீடிக்கும் நேரத்துக்கு இல்லையாம். உயரம் எங்கள் வீட்டில் இருந்ததைவிடக் குறைவு. அவர் மடிக்கணினியை மூடினார். "எனக்கு எழுத முடிந்ததை எழுதுகிறேன், மிஸ்," என்று சிங்களத்தில் சொன்னார். எழுதியிருப்பார். குவாரி இன்றும் நடக்கிறது.

ராத்தாவின் கணவரை மகள் கலேவெலைக்குக் கொண்டுபோய்விட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு நான் பார்க்கப் போனேன். வழியில் நாலந்தா ஊரைத் தாண்டியதும் வெயில் மாறிவிடும். பஸ் ஜன்னலில் அனல் அடித்தது. அந்த வீட்டில் மகளும் மருமகனும் அவரை நல்ல மாதிரித்தான் வைத்திருந்தார்கள். ராத்தா பயந்த மாதிரி எதுவும் இல்லை. அவருக்குப் பேச்சும் கொஞ்சம் திரும்பியிருந்தது. சொற்கள் ஒவ்வொன்றாக, கோணலாக வந்தன.

மகள் தேநீர் ஊற்றப் போனதும் அவர் என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"டீச்சர். அது ஒரு சத்தம்தானே. டப்புன்னு ஒண்ணு. எங்கட வீட்டுல மட்டும் ஏன் அப்புடி இழுபட்டிச்சு?"

எல்லோரையும்விட அந்த ஆட்டத்தை அதிகமாக அறிந்தவர் அவர். படுக்கையில் கிடந்து, முதுகால், ஒவ்வொரு நாளும். நான் அவருடைய நல்ல கையை எடுத்து வைத்துக்கொண்டு, வகுப்பில் சொல்வதைவிட மெதுவாகச் சொன்னேன். எல்லா அலையும் ஒன்றாகத்தான் புறப்படுகின்றன நானா, மண்ணுக்குள் சிலது முந்துகிறது, சிலது பிந்துகிறது. தூரம் கூடக்கூட இடைவெளி கூடுகிறது. அதனால்தான் ஒன்று பலவாக வந்து சேர்கிறது என்றேன். மலையடியில் கருங்கல் என்பதால் எங்களுக்கு ஒரே குத்தோடு போய்விட்டது என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப," என்றார், "இன்னும் கிட்ட இருந்திருந்தா அவ தப்பியிருப்பா."

இல்லை என்று சொன்னால் அது பொய். அவர் தன் கையை என் கையிலிருந்து எடுத்து நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

மகள் தேநீரோடு வந்தாள். வாப்பாவை இந்த நேரத்தில் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்றாள். நான் அவருடைய தோளைப் பிடித்தேன். அவள் இடுப்பைப் பிடித்தாள். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தார். இருவருமாக அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பினோம். சுவரைப் பார்த்ததும் அவர் மறுபடி இந்தப் பக்கமே திருப்பச் சொன்னார்.