தடித்துப்போன பேட்டரி

இன்று காலை குன்னத்துகாலில் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் ஜோஸ் புது டிரோனுக்குள் பேட்டரியைத் திணித்துக்கொண்டிருந்தார். அது உள்ளே போகவில்லை.

"நல்லா சார்ஜ் கேறி தடிச்சதாக்கும் அக்கா."

"எந்த சார்ஜர்ல போட்ட?"

"பைக் பேட்டரிக்கு உள்ளது. அதுல வேகம் கேறும்."

எங்கள் ஊரில் பிள்ளை தடித்தால் நல்ல செய்தி. பேட்டரி தடித்தால் உள்ளே வாயு நிறைந்து வீங்கியிருக்கிறது என்று பொருள். அதைச் சொன்னேன்.

"அப்ப ஓரத்தக் கொஞ்சம் சீவினா கேறுமில்லியா?" என்று கத்தியை எடுத்துவிட்டார்.

"ஜோஸே, கத்தியக் கீழ வை. கீறினா தீ பிடிக்கும்."

"இந்த இத்திரிபோல உள்ள குட்டி பேட்டரியா தீ பிடிக்கும்?" கத்தி பேட்டரியின் மேலேயே நின்றது.

அடுக்களையிலிருந்து தங்கை வந்தாள். "வைக்கச் சொன்னா வையுங்க. புருவம் கரிஞ்ச மாப்பிளய கூட்டிட்டு நான் சர்ச்சுக்குப் போகமாட்டேன்."

கத்தி மேசைக்கு வந்தது.

பேட்டரியை மணல் வாளியில் போட்டு முற்றத்தின் நடுவில் வைத்தோம். மூவரும் தள்ளி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது ஜோஸ் அடுத்த டிரோனுக்கு என்னிடம் யோசனை கேட்கிறார். புதிதாகப் பழகுகிறவருக்கு, கத்தி எட்டாத இடத்தில் பேட்டரி உள்ள மாடல் ஏதாவது உண்டா?